ஆட்டுக்கறிக்கு எந்த வைன்?

பதுளை டவுனில் ஒரு நடை நடந்தால் 'வைன் ஸ்டோர்ஸ்' என்று எழுதின பலகை கண்ணில் படாமல் போகாது. பண்டாரவளை, ஹப்புத்தளை, பசறை எங்கே போனாலும் இதே கதைதான். இலங்கை முழுக்கச் சாராயக் கடைக்கு அதுதான் பேர். ஆனா உள்ளே போய் வைன் கேட்டுப் பாருங்க, கடைக்காரர் உங்களை ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார். அங்கே ஓடுவது சாராயமும் பியரும். எங்க தோட்டத்தில் வைன் என்ற சொல் எல்லாருக்கும் தெரியும். அதைச் சாப்பாட்டோடு குடித்த ஒருத்தரைக்கூட எனக்குத் தெரியாது.

எனக்கே அது தெரிய வந்தது 2017 கடைசியில்தான், எல்லயில் ஒரு ஹோட்டலில் வேலைக்குச் சேர்ந்தபோது. முதல் வாரமே கையில் ஒரு தாள் கொடுத்தார்கள். 'சிவப்பு இறைச்சிக்குச் சிவப்பு வைன். மீனுக்கும் கோழிக்கும் வெள்ளை வைன்.' மனப்பாடம் பண்ணச் சொன்னார்கள், பண்ணினேன். ஏன் எதற்கு என்று யாரும் சொல்லித் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

2018 அக்டோபரில் ஒரு ராத்திரி, வயசான வெளிநாட்டு அம்மா ஒருத்தர் ஆட்டுக்கறி கேட்டார். எங்க சமையல்கார அண்ணன் தோட்டத்து ஆள். அவர் வைப்பது ஹோட்டல் கறி இல்லை, லயத்துக் கறி. மல்லி, மிளகு, பெருஞ்சீரகம் எல்லாத்தையும் கருகக் கருக வறுத்து, செத்தல் மிளகாய் தாராளமாகப் போட்டு, கறுவாவும் ரம்பையும் சேர்த்து, எண்ணெய் தனியே பிரியும்வரை பெரட்டி எடுப்பார். "இதுக்கு எந்த வைன் சரியா இருக்கும்?" என்று அந்தம்மா என்னிடம் கேட்டார். தாளில் இருந்ததைச் சொல்லி, கபர்னே சோவின்யோன் ஒரு கிளாஸ் ஊத்தினேன். ஒரு வாய் கறி, ஒரு மிடறு வைன். கண்ணில் தண்ணி வந்துவிட்டது. கோபப்படாமல் சிரித்துக்கொண்டே, "நீ இப்படிச் சாப்பிட்டுக் குடிச்சுப் பார்த்திருக்கியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். ரெண்டு நாள் கழித்து ஹோட்டலை விட்டுக் கிளம்பும்போது ஒரு சிவப்பு வைன் போத்தலைக் கையில் கொடுத்து, "உங்க வீட்டுக் கறியோட குடிச்சுப் பாரு. அப்புறம் அந்தத் தாளைத் திருத்து" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இந்தக் கட்டுரை அந்தத் தாளைத் திருத்தும் முயற்சிதான்.

ஏன் எரிந்தது?

சிவப்பு வைனைத் திராட்சைத் தோலோடும் விதையோடும் சேர்த்துப் புளிக்க வைக்கிறார்கள். அதனால் தோலிலும் விதையிலும் உள்ள டானின் வைனில் இறங்குகிறது. டானின் என்றால் துவர்ப்பு. வாழைப்பூவில், கொய்யாக் காயில், நாவல் பழத்தில் நாக்கை இழுத்துப் பிடிக்குமே, அதுதான். நம்ம எச்சிலில் வழுவழுப்புத் தரும் புரதத்தோடு அது போய் ஒட்டிக்கொள்கிறது, வாய் காய்ந்த மாதிரி ஆகிவிடுகிறது. வாட்டிய இறைச்சியோடு குடித்தால் அந்த டானின் இறைச்சியின் புரதத்தோடும் சேர்ந்துகொள்ளும், துவர்ப்பு அடங்கும், கொழுப்பின் திகட்டலும் குறையும். 'சிவப்புக்குச் சிவப்பு' என்ற விதி பிறந்தது அப்படித்தான். உப்பும் வெண்ணெயும் போட்டு வாட்டுகிற ஊரில் பிறந்த விதி அது. அங்கே செத்தல் மிளகாய் இல்லை.

மிளகாய் வந்துவிட்டால் கணக்கு மாறிவிடும். மிளகாயின் எரிச்சலை உணர்கிற நரம்பின் அதே வாசலை ஆல்கஹாலும் தட்டுகிறது. ஏற்கெனவே எரியும் வாயில் டானினின் வறட்சியும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். கபர்னே சோவின்யோன் டானின் கூடின வைன். அன்றைக்கு நான் ஊத்தினது அடுப்பில் எண்ணெய் ஊத்தின வேலை.

பிறகு தேடிப் படித்ததில் தெரிந்தது இது: காரமான கறிக்குச் சிவப்புதான் வேண்டும் என்றால் டானின் குறைந்த, பழச்சுவை தூக்கலான பினோ நுவார், காமே மாதிரி வகைகளைக் கொஞ்சம் குளிர வைத்துக் கொடுக்க வேண்டும். மிளகாயைக் குறைத்து மிளகைத் தூக்கி வைத்த கறி என்றால் ஷிராஸ் பொருந்தும். அதிலே ஒரு வேடிக்கை உண்டு. சில ஷிராஸ் வைனில் மிளகு வாசம் வரும். அதற்குக் காரணமான ரோட்டண்டோன் என்ற பொருளை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008இல் கண்டுபிடித்தார்கள். நம்ம கறுப்பு மிளகின் வாசத்துக்கும் அதே பொருள்தான் காரணம். ஊவாவில் எத்தனையோ வீட்டு ஓரத்து மரத்தில் படர்ந்து கிடக்கிற மிளகுக் கொடிக்கும், எங்கேயோ ஆஸ்திரேலியாவில் விளையும் திராட்சைக்கும் வாசத்தில் ஒரு சொந்தம் இருக்கிறது. அந்தத் தாளில் இது எதுவும் இல்லை.

அம்மாவின் ஒரு மிடறு

அந்த வருஷத் தீபாவளி நவம்பர் 6. அதற்கு ரெண்டு வாரத்துக்கு முன்னால்தான் மலையக இளைஞர்கள் கறுப்பு உடையில் காலிமுகத்திடலில் கூடி, தோட்டத் தொழிலாளர்களுக்கு ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் கேட்டிருந்தார்கள். அப்போது அடிப்படைச் சம்பளம் 500 ரூபாய், எல்லாக் கொடுப்பனவும் சேர்ந்தால் 730. நான் வீட்டுக்குக் கொண்டுபோன போத்தலின் விலையை ஹோட்டலில் விசாரித்திருந்தேன். அம்மாவுக்கு அது நாலு நாள் பேர். அதை மட்டும் வீட்டில் சொல்லவில்லை.

தீபாவளிக்கு எங்க லயத்தில் வழக்கமாக ஏழெட்டு வீடு சேர்ந்து ஒரு கெடா வாங்கும். விடியக்காலையில் வெட்டி, வாழை இலையில் கூறு போடுவார்கள். ஈரல், குடல், எலும்பு எல்லாக் கூறிலும் கொஞ்சம் கொஞ்சம் வரவேண்டும், இல்லாவிட்டால் சண்டைதான். வருஷத்தில் ஆட்டுக்கறி எங்க வீட்டுக்கு வந்தது அந்த ஒருநாள், அப்புறம் கோயில் திருவிழா. மற்ற நாளில் கருவாடு, நல்ல மாசமாக இருந்தால் கோழி.

அம்மா விறகடுப்பில் கறியைப் பெரட்டி இறக்கின பிறகு, நான் போத்தலைத் திறந்தேன். கிளாஸ் கிடையாது, சில்வர் டம்ளர்தான். எல்ல ஹோட்டலில் ஒரு வருஷம் வைன் ஊத்தியும் அதுவரை ஒரு சொட்டு வாயில் வைத்ததில்லை. நான் குடித்துப் பார்த்தேன், பிடிக்கவில்லை. அம்மா முதலில் வேண்டாம் என்றார். பிறகு கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு ஒரு மிடறு குடித்தார். வாயிலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

"கடுஞ்சாயம் மாதிரி தொவக்குதுடி," என்றார். கறி ஒரு துண்டு வாயில் போட்டு மென்றுவிட்டு இன்னொரு மிடறு. "கறியோட குடிச்சா தொவர்ப்பு கொறையுது. ஆனா ஒறைப்பு ஏறுது."

நான் மாசக்கணக்கில் தேடிப் படித்த விஷயத்தை அம்மா ரெண்டு மிடறில் சொல்லிவிட்டார். இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. பதினேழு வயசில் மலையேறி, முப்பது வருஷம் கொழுந்து பறித்து, ஒரு நாளைக்கு அஞ்சாறு தரம் சாயத்தண்ணி குடிக்கிற நாக்கு அது. துவர்ப்பு அந்த நாக்குக்குப் புதுசு இல்லை. தேயிலையிலும் வைனிலும் வாயை இழுப்பது ஒரே குடும்பத்துப் பொருட்கள். சாயத்தில் பால் ஊத்தினால் துவர்ப்பு ஏன் குறைகிறது? பாலில் உள்ள கேசீன் என்ற புரதம் தேயிலையின் துவர்ப்புப் பொருளைப் பிடித்துக்கொள்கிறது. வைனுக்குக் கறி செய்கிற வேலையைச் சாயத்துக்குப் பால் செய்கிறது.

ருசி யாருக்குச் சொந்தம்?

அன்றைக்கு ராத்திரி எனக்கு வந்த கேள்வி வைனைப் பற்றி இல்லை. ஒரு வைனைப் பற்றி இத்தனை பேச்சு பேசுகிறார்கள். எந்த மலை, எந்த வெயில், எந்த வருஷத்து மழை, எதோடு சாப்பிட வேண்டும் என்று புத்தகம் புத்தகமாக எழுதுகிறார்கள். நம்ம தேயிலைக்கு அந்தப் பேச்சு இல்லையா? இருக்கிறது. நம்மகிட்டத்தான் இல்லை.

ஊவாத் தேயிலையைத் தார்ஜிலிங், சீனாவின் கீமன் இரண்டோடும் சேர்த்து உலகத்தின் மூன்று பெரிய கறுப்புத் தேயிலைகள் என்று சொல்வதுண்டு. ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை, தென்மேற்குப் பருவமழையை மலையின் மறுபக்கத்தில் கொட்டிவிட்டு வறண்ட காத்து நம்ம பக்கம் இறங்குகிறது. அந்தக் காத்தில் வாடுகிற கொழுந்தில் ஒரு தனி வாசம் ஏறும். மெத்தில் சாலிசிலேட் என்ற பொருள் அதற்கு ஒரு முக்கியக் காரணம். தலைவலித் தைலத்தில் வருகிற அதே வாசம். அப்பா ஸ்டோரில் வேலை செய்தவர். ஆகஸ்ட் மாசம் வேலை முடிந்து வந்தால் சட்டையில் தைல வாசம் வரும். அந்த வாசத்துக்குத்தான் வெளிநாட்டில் கூடுதல் காசு கொடுக்கிறார்கள் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

கொழும்புத் தேயிலை ஏலம் 1883இல் ஆரம்பித்தது. அன்றிலிருந்து அங்கே ருசி பார்ப்பவர்கள் வெள்ளைக் கோப்பைகளை வரிசையாக வைத்து, உறிஞ்சி, துப்பி, பிரிஸ்க், பஞ்ஜென்ட் என்று பேர் வைக்கிறார்கள். அந்தக் கொழுந்தைப் பறித்த ஒரு பொம்பளையைக் கூப்பிட்டு "இது என்ன ருசிம்மா?" என்று யாரும் கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. எங்க வீட்டுக்கு வந்ததோ கடைசித் தரத் தூள். அதில் சீனியைக் கலக்கக்கூடக் கஷ்டப்பட்ட நாளில், உள்ளங்கையில் கொஞ்சம் சீனியை வைத்து நக்கிக்கொண்டே குடிப்போம்.

'இதுக்கு எது பொருந்தும்?' என்று கேட்பது வசதியானவர்களின் விளையாட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. அம்மாவுக்கு நாக்கு இருக்கிறது. கேட்க ஆள்தான் இல்லை.

சாப்பாடு இல்லாத குடி

இதுவரை அப்பா எங்கே என்று நீங்க கேட்கலாம். அந்தத் தீபாவளிக்குக் கூறு போட்டு முடிந்த கையோடு அவர் தவறணைக்குப் போய்விட்டார். சாயங்காலம் நாலு மணிக்கு வந்தார். இஸ்தோப்பிலேயே படுத்துவிட்டார். கறி அடுப்பு ஓரத்தில் ஆறிப் போயிருந்தது. இது எங்க வீட்டுக் கதை மட்டும் இல்லை, உங்களில் பாதிப் பேருக்குத் தெரிந்த கதை.

நம்ம தோட்டங்களில் குடி எப்படி நடக்கிறது என்று யோசித்துப் பாருங்க. வீட்டுக்கு வெளியே, ஆம்பளைங்க மட்டும், வேகமாக, வெறும் வயிற்றில். கூட இருந்தால் கொஞ்சம் பைட்ஸ். காசு இல்லாவிட்டால் கசிப்பு. ருசி பற்றிய பேச்சே இல்லை, ஏறினால் போதும். இதை 'நம்ம சனத்தின் குணம்' என்று பேசுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வெள்ளைக்காரன் காலத்தில் சாராயக் குத்தகை அரசாங்கத்துக்குப் பெரிய வருமானம். நாள் முழுக்க மலையில் முதுகு ஒடிய வேலை வாங்கி, கையில் கொடுத்த காசில் ஒரு பங்கைத் தவறணை வழியாகத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். பத்துக்குப் பத்து காம்பராவில் ஆறு பேர் இருக்கிற வீட்டில், உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட ஒரு மேசை போடவே இடம் இல்லை.

பொம்பளைங்க கதை வேறு. 1979இல் வந்த வர்த்தமானி அறிவித்தல் தவறணையில் பெண்களுக்கு மது விற்பதைத் தடை செய்தது. 2018 ஜனவரியில் நிதி அமைச்சராக இருந்த மங்கள சமரவீர அந்தத் தடையை நீக்கினார். சில நாளிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன தலையிட்டு அதைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னார். அந்தச் செய்தி வந்த ராத்திரியும் நான் வெளிநாட்டுக்காரர்களுக்கு வைன் ஊத்திக்கொண்டுதான் இருந்தேன். பெண்கள் எல்லாரும் குடிக்க வேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. ஆனா ஒன்று கவனிங்க: வாங்கக் கூடாது என்று சட்டம் சொன்னது பெண்ணுக்கு. குடித்துவிட்டு வந்தவரின் அடியை வாங்கியதும் பெண். அம்மா ஒரு மிடறுக்குக் கதவைச் சாத்தச் சொன்னது ஏன் என்று இப்போது புரியுது.

பழைய படையல்

சாப்பாட்டோடு குடியைச் சேர்ப்பது நமக்குப் புதுசா என்றால், அதுவும் இல்லை. மாடசாமிக்கும் முனியாண்டிக்கும், ஸ்டோர் பக்கத்தில் நிற்கிற ரோதைமுனிக்கும் படையல் போடுவதைப் பார்த்திருப்பீங்க. கெடாக் கறி, சோறு, சாராயம், சுருட்டு. எதற்கு எது பொருந்தும் என்று நம்ம ஆளுங்க யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். சாமி வெறும் வயிற்றில் குடிப்பதில்லை.

அப்பா 2021இல் போய்ச் சேர்ந்தார். ஈரல். முதல் வருஷத் திதிக்கு அவருக்குப் பிடித்ததை எல்லாம் இலையில் வைக்க வேண்டும். சாராயம் வைப்பதா வேண்டாமா என்று வீட்டில் பெரிய வாக்குவாதம். அவரைக் கொன்றதே அதுதானே என்று நான் கத்தினேன். அம்மா ஒன்றும் பேசாமல் கறியைப் பரிமாறி, பக்கத்தில் சின்னக் கிளாஸில் சாராயத்தையும் ஒரு டம்ளர் சாயத்தையும் வைத்தார். "உசிரோட இருக்கப்ப ஒருநாளும் சோத்தோட குடிக்கல. இப்பவாச்சும் சாப்பிட்டுட்டுக் குடிக்கட்டும்" என்றார்.

நான் இவ்வளவு நேரம் சொல்ல நினைத்ததும் அவ்வளவுதான்.

தாளில் நான் எழுதுவது

'குடிக்கு விளம்பரம் பண்றியா?' என்று கேட்பீங்க. இல்லை. நம்ம நாட்டில் 21 வயசுக்குக் கீழே மது விற்பது குற்றம். சிவப்பு வைன் நெஞ்சுக்கு நல்லது என்று ஒரு பேச்சு சுத்துகிறது. ஆரோக்கியத்துக்குப் பாதகம் இல்லாத அளவு என்று மதுவில் எதுவும் கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. குடியை விட்ட ஒருத்தர் வீட்டில் இருந்தால் தீபாவளிக்குப் போத்தலே வேண்டாம். நாலு நாள் சம்பளத்தைக் கொடுத்து வைன் வாங்கு என்று சொல்ல எனக்குப் பைத்தியமும் இல்லை.

வைனிடம் இருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வைன் இல்லை, அந்தக் கேள்வி. 'இதை எதோடு, யாரோடு உட்கார்ந்து?' இந்தக் கேள்வி தவறணையில் எழாது, சாப்பாட்டு முன்னால்தான் எழும். அதைக் கேட்கிற வீட்டில் கறி ஆறாது.

அதனால் அந்தத் தாளை நான் இப்படித் திருத்துகிறேன். செத்தல் மிளகாய் தூக்கலான பெரட்டலுக்குக் கபர்னே சோவின்யோன் கொடுக்காதீங்க. டானின் குறைந்த சிவப்பைக் குளிர வைத்துக் கொடுங்க. மிளகுக் கறிக்கு ஷிராஸ். தேங்காய்ப்பால் ஊத்தின குழம்புக்கு எதுவும் கொஞ்சம் சுலபமாகப் பொருந்தும், பாலின் கொழுப்பு காரத்தை அடக்கிவிடும். அப்புறம் வைன் குடிக்காதவர்களுக்கு, அதாவது நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு, இது: ஆகஸ்டில் பறித்த நல்ல ஊவா இலை, சீனி இல்லாமல், மூணு நிமிஷம் மட்டும் ஊற வைத்தது. கொதிக்கக் கொதிக்க வேண்டாம், சூடு காரத்தை ஏத்தும். கொஞ்சம் ஆறவிட்டு, கறிக்குப் பிறகு ஒவ்வொரு மிடறாகக் குடித்துப் பாருங்க. நாக்கில் ஒட்டின கொழுப்பு கழுவிப் போய், கடைசியில் அந்தத் தைல வாசம் மட்டும் நிற்கும்.

ஒரு எச்சரிக்கையும் எழுதுகிறேன். தேயிலையின் துவர்ப்பு சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள விடாது. இறைச்சியில் உள்ள இரும்புக்கு அந்தப் பாதிப்பு குறைவு. கீரையிலும் பருப்பிலும் தானியத்திலும் உள்ளதற்கு அதிகம். கறி கிடைக்கிற தீபாவளி அன்றைக்குச் சாயத்தால் பெரிய நட்டம் இல்லை. மலைக்குப் போகிற பொம்பளைங்க தினமும் காலையில் சாப்பிடுகிற ரொட்டிக்கும் சாயத்துக்கும்தான் ஆகாது. ரத்தசோகை உள்ளவர்கள் சாயத்தைச் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கணும். நம்ம வீட்டில் அதிகம் நடக்கிற பொருத்தம் அந்த ரொட்டியும் சாயமும்தான். அதை யாரும் ருசி பார்த்துத் தேர்ந்தெடுக்கவில்லை, சம்பளம் தேர்ந்தெடுத்தது.

இந்தத் தீபாவளிக்கு ஒரு வேலை செய்யுங்க. கறி இறக்கினதும் அம்மாவை அடுப்படியிலிருந்து கூப்பிட்டு உட்கார வைங்க. நல்ல தேயிலையாக நூறு கிராம் வாங்கி வந்து, நீங்களே சாயம் ஊத்திக் கொடுங்க. "எப்படிம்மா இருக்கு?" என்று கேளுங்க. "என்னத்தடி இருக்கு, சாயம்தானே" என்றுதான் முதலில் சொல்வாங்க. விடாமல் இன்னொரு தரம் கேளுங்க.